நைனா என்ற சொல்

ஓடுகிறோம். சவுக்குத் தோப்புக்குள் ஓடுகிறோம். பின்னால் தகரம் தட்டும் சத்தம். டங். டங். எங்கள் குடிசை படபடவென்று எரிகிறது. அம்மா என் கையைப் பிடித்து இழுக்கிறாள். முன்னால் நைனா.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நாங்கள் தமிழர்கள். அந்தச் சொல் தமிழா தெலுங்கா என்று கும்மிடிப்பூண்டிப் பக்கம் அதுவரை யாரும் பிரித்துப் பார்த்ததில்லை.

ஐம்பதுகளின் நடுவில் ஒரு மார்கழி. விடிந்து கொஞ்ச நேரம்தான். எந்த ஊர் எந்த ராஜ்யத்துக்கு என்று தகராறு. பேச்சு பட்டணத்தில். அடி எங்களுக்கு. நாங்கள் தமிழர் என்று தெலுங்குக் கட்சிக்காரர்கள் தீ வைத்தார்கள்.

தோப்பைத் தாண்டினால் ரயில் பாதை. அதோடு போனால் கவரைப்பேட்டை ஸ்டேஷன். அங்கே போலீஸ் நிற்கிறதாம். போய்ச் சேர்ந்தால் பிழைத்தோம்.

பாதையோரம் தடிகளோடு பையன்கள் நிற்கிறார்கள். தமிழில் பேசுகிறார்கள். அம்மாவுக்கு மூச்சு வந்தது. எனக்கும்தான்.

எந்தப் பக்கத்து ஆள், தமிழா தெலுங்கா என்று கேட்டார்கள். முன்னால் நின்றவனுக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. அந்த வயதுப் பிள்ளைகளையும் எங்கள் ஊரில் செல்லமாக நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா கும்பிட்டார்.

“நம்ம ஊரு ஆளுதான் நைனா. ஊட்ட கொளுத்திட்டாங்கோ. பொண்ண இட்டுக்கினு போறேன்.”

மீதியை யாரும் காதில் வாங்கவில்லை.

“தெலுங்கன்டா!”

தடி விழுந்தது. தகரச் சத்தம் மாதிரி இல்லை. மெத்தென்று இருந்தது. இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

“ஓடுடீ!” அம்மா கத்தினாள். ஓடினேன்.

பிறகு சட்டசபை அங்கத்தினர்கள் ஜீப்பில் வந்தார்கள். வெள்ளை வேட்டி, நல்ல மனிதர்கள்தான். சாம்பலைச் சுற்றி வந்தார்கள். கடைசியில், வீட்டில் என்ன பாஷை பேசுவீர்கள் என்று கேட்டார்கள்.

அம்மா தலையை நிமிர்த்தவில்லை. “இன்னா பாஷைன்னு கேக்கத்தான் அவங்களும் வந்தாங்கோ” என்றாள்.

ஐயாமார்களே, எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. அடித்தவன் யார் என்று நீங்கள் கேட்கவில்லை. நாங்கள் கூலிக்கு இருந்த தோப்பின் முதலாளி திரும்பக் குடிசை போடக்கூடாது என்றார். அவர் மண், அவர் பேச்சு. எல்லைக்கல் நடுவதற்கு உங்களுக்கு இடம் கிடைத்தது. எங்களுக்கு நாலு கழி நட இடமில்லை. எல்லைக்கோட்டை எங்கே வேண்டுமானாலும் போடுங்கள். ஆனால் முதலில் ஒரு சட்டம் போடுங்கள். கூலிக்காரன் குடிசை நிற்கிற மண் அவன் பேரில் இருக்கட்டும். எந்தப் பாஷைக்காரன் அடித்தாலும் கோர்ட்டில் நிற்கட்டும். பேசித் தீர்க்கத்தானே உங்களை அங்கே உட்கார வைத்தோம்? நீங்கள் பேசாததை இங்கே தடி பேசியது.

போனது என்ன என்று சொல்லிவிடுகிறேன். குடிசை. ஒரு வெள்ளாடு, சினையாக இருந்தது. சவுக்கு வெட்டும் கத்தி. நைனா.

இப்போது எனக்கு ஒரு மகள். அப்பா என்று கூப்பிடத்தான் பழக்கியிருக்கிறேன். போன வாரம் எங்கேயோ கேட்டுவிட்டு வந்து, அவள் தன் அப்பாவை நைனா என்றாள்.

அவள் வாயைப் பொத்திவிட்டேன்.