எட்டுக்கு எட்டு

குஜிலியம்பாறை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு அக்காவும் தம்பியும். இருவருக்கும் நடுவில் பிறந்து செத்துப்போனவரின் கருமாதிக்காக அடித்த பிளக்ஸ் தம்பி மடியில் சுருட்டி இருந்தது. அக்கா ஓரத்தை விரித்துப் பார்த்துப் போட்ட சத்தத்தில் என் தூக்கம் போனது.

"ஏலே, செத்தவன் மூஞ்சிய எதுக்குடா இப்படி இழுத்து வச்சிருக்காங்க?"

"வாசல்ல எட்டடி எடம் விட்டு ரெண்டு கம்பு நட்டாச்சு. உயரமும் எட்டடி. எட்டுக்கு எட்டுன்னு சொல்லிட்டேன்க்கா."

"போட்டோ என்ன சதுரமாவாடா இருந்துச்சு?"

"இல்ல. அகலம் மூணுன்னா உயரம் நாலு. அப்ப எட்டடி உயரத்துக்கு ஆறடி அகலந்தான் வரணுமாம். அடிச்சு முடிச்சப்பறம் சொல்றான் கடைக்காரன். மிச்ச ரெண்டடிக்கும் அண்ணன் மூஞ்சிய இழுத்துட்டான்."

"உயரத்தக் கூட்டச் சொல்ல வேண்டியதுதான?"

"எட்டடி அகலத்துக்குப் பத்தரை அடிக்கு மேல போகும்க்கா. மேல கரண்டு கம்பி."

"எறங்கு. திரும்பிப் போயி வேற அடிப்போம்."

"போறதுக்குள்ள கடைய அடைச்சிருவான். விடிஞ்சா கருமாதி. அழுகுற அழுகையில யாருக்கா இத உத்துப் பாக்கப் போறா?"

அவள் பிளக்ஸைச் சுருட்டவே இல்லை.

"அவனுக்கு ஒட்டுன கன்னம்டா. அவன் மகளுக்கு ஒன்னரை வயசு, அந்த மூஞ்சி அவ நெனப்புல நிக்குமா? நாளைக்கு வாரவுக பூராப் பேரும் அவளத் தூக்கி வச்சுக்கிட்டு, இதக் காட்டித்தான் 'அந்தா பாரு ஒங்கப்பா'ன்னு சொல்லப் போறாக."