கட் பண்ட்டேன் மாமு

எர்ணாவூர்ல லாரி ரோட்டுக்குப் பின்னாடி ஒரு சந்து. ஞாயித்துக்கெழம, மத்தியானம் ரெண்டரை. லாரி ஓடல... ஒரு நாய்கூட இல்ல. பகல்ல இன்னா பேய்னு இளிக்கிறவன் இப்பவே எழுந்து வூட்டுக்குப் போய்டு. மத்தவன்லாம், கிட்ட வந்து குந்து.

நம்ம மணி கீறான்ல, அவன் மாமா சுயம்புக்கு நடந்தது.

சுயம்புவும் உதயாவும் இருபது வருசமா ஜோடியா வேல பாத்தவங்க. கடைல காசு போட்டு நின்னுகினே வீடியோ கேம் ஆடுவோமே, அந்தப் பொட்டிங்கள ரிப்பேரு பண்றவங்க. அந்தச் சந்துல மூடிக் கெடந்த கடைய ஜெஸ்லின்னு ஒரு அக்கா மறுபடி தொறக்கப் போறாங்க. பொட்டில கேம் போர்டு செத்துப்போச்சு, டியூபு மானிட்டரு மட்டும் உசுரோட கீது. அதுல லேப்டாப்ப சேத்து கேம் ஓட்டணும்.

சுயம்பு தனியா போனாரு. ஜெஸ்லின் சாவிய குடுத்துட்டு சாப்பிடப் போய்ட்டாங்க. உள்ள ஒரே எலி மூத்திர நாத்தம். லேப்டாப்ப சேத்தா படம் கிழிஞ்சு கிழிஞ்சு ஓடுது... கம்ப்யூட்டரு வேகமா அனுப்புது, பழைய டியூபால அந்த வேகத்துக்கு வர முடில. வேகத்த கொறச்சாரு. படம் வந்துச்சு, ஆனா மேல உருண்டுகினே கீது. மானிட்டரு பின்னாடி ஒரு ஒயர மாத்தி ஈயத்தால பத்த வெக்கணும்.

இப்ப கவனி. அந்தப் பொட்டில சுவிட்ச தட்டுனா படம்தான் போவும், பின்னாடி கரண்டு அப்டியே இருக்கும். வாசல்ல மெயின இறக்குனாதான் கைய வெக்கலாம். அதுக்கு ரெண்டு பேருக்கும் ஒரு பழக்கம். ஒர்த்தன் உள்ளேந்து "லைன்?"னு கத்துவான். இன்னொர்த்தன் மெயின இறக்கிட்டு, "கட் பண்ட்டேன் மாமு"ன்னுவான். அத கேக்காம கை நகராது.

சுயம்பு பொட்டி சுவிட்ச தட்டிட்டு, தலைய உள்ள வுட்டுகினு பழக்கத்துல கத்துனாரு. "லைன்?"

வாசல்ல... டக்.

"கட் பண்ட்டேன் மாமு."

கைய வெச்சாரு. வெச்ச அப்புறம்தான் ஞாபகம் வருது... உதயா செத்து நாப்பது நாள் ஆச்சு.

தூக்கி அடிச்சுது. ஜெஸ்லின் வந்து பாக்க, மனுசன் செவுத்தோரம் கெடக்குறாரு. தோலு கருகுன நாத்தம். மெயினு? யாரும் இறக்கவே இல்ல.

ஆஸ்பத்திரில தேம்பித் தேம்பி அழுவுறாரு. பேய பாத்த பயம் இல்லடா. "இருபது வருசத்துல ஒரு வாட்டிகூட அவன் எங்கிட்ட பொய் சொன்னதில்ல. வேற எவன் குரலா இருந்தாலும் நான் தொட்டிருப்பேனா? என் தோஸ்தே என்ன கொல்லப் பாத்தான்டா..." செத்தா அத்தினி வருசப் பழக்கமும் அத்துப் போய்டுமா இன்னா?

அன்னிக்கு சாயங்காலம் உதயா பொண்டாட்டி ரேகா பாக்க வந்தாங்க. கூட எட்டு வயசுப் பொண்ணு ஜெயஸ்ரீ. சுயம்பு சொன்னத கேட்டதும் ரேகா கட்டிலாண்ட வந்து குந்துனாங்க.

"அண்ணா... போன வாரம் கொருக்குப்பேட்ட ரயில்வே கேட்டாண்ட நிக்கிறோம். 'ரயிலு பூட்ச்சு, வா'ன்னு அவரு குரலு. எனக்குக் காலு வரல. இவதான் 'அப்பா கூப்புட்றாரும்மா'ன்னு என் கைய இழுத்துகினே கீறா. அடுத்த நொடி... கூட்ஸ் வண்டி போச்சுண்ணா."

சொல்லிகினே திரும்புனாங்க. பக்கத்துல ஜெயஸ்ரீ இல்ல.

வெளிய, மாடிப்படியாண்ட, அவ குரலு மட்டும்... மெதுவா.

"தோ வரேன்பா... அம்மா பாக்கல."