சண்டை போட ஓர் ஆள்

மலேசியாவில், பாசிர் கூடாங்கிலிருந்து ஜொகூர் பாருவுக்குப் போகும் பேருந்தில், எனக்கு முன்னால் இரண்டு தோழிகள்.

“வீட்டுலயே படிச்சப்போ நான்தான் டீச்சர், என் மக ஒருத்திதான் கிளாஸ். அப்படியும் தினமும் லேட்டா வருவா!” என்றாள் பச்சைச் சுடிதார்க்காரி.

“இப்பதான் ஸ்கூல்ல போட்டுட்டியே. முதல் நாள் எப்படி?”

“எனக்குத்தான் பயம், லா. அழுதுட்டு வருவான்னு நெனச்சேன். ஸ்கூல் கேட்டுலேயே குதிச்சா. ‘அம்மா, மெய் லிங் என்கூட சண்டை போட்டா!’”

“சண்டைக்கா குதிச்சா?”

“பின்ன? இத்தனை வருஷமா சண்டை போட என்னை விட்டா யாரு இருந்தா? அவ சீனத்துல, இவ தமிழ்ல. நடுவுல ஆயிஷான்னு ஒருத்தி மலாய்ல தீர்ப்பு சொன்னாளாம்.”

இருவரும் சிரித்த சிரிப்பில் ஓட்டுநரே கண்ணாடியில் பார்த்தார்.

“அப்புறம்?”

“அலமாக், நாளைக்கு மூணு பேருக்கும் நாசி லெமாக் சோறு கட்டணுமாம். சண்டை இன்னும் முடியலையாம்!”