நின்றபடி எழுதிய எழுத்து

மேடையில் இருக்கும் அச்சகத் தோழர்களே, எதிரே நிறைந்திருக்கும் பெயர்ப்பலகைக் கலைஞர்களே, கடைக்காரர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே! கனத்த மனதோடு வணங்குகிறேன்.

எழுத்துரு வடிவமைப்பாளர், எங்கள் வடிவமைப்புக் கூடத்தின் மூத்தவர், கிறுக்கல் அண்ணன் மறைந்துவிட்டார். 'போறபோக்கு' எழுத்துருவைத் தந்தவர் மறைந்துவிட்டார். கணினியில் தட்டினாலும் யாரோ அவசரமாகக் கையால் எழுதியதுபோல் விழுமே, அது யாருடைய கை? இத்தனை வருடம் பக்கத்து நாற்காலியில் இருந்தும் எனக்குத் தெரியாது!

அவர் கை இல்லை என்பது மட்டும் தெரியும். அவர் எழுதியதை அவராலேயே திரும்பப் படிக்க முடியாது. பட்டப்பெயர் சும்மா வரவில்லை. தபால்காரர், தையல்காரர், வாசல் காவலாளி என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் எழுதி வாங்கினார். ஆனால் யாரையும் உட்காரவிட மாட்டார். சுவரில் தாளை வைத்து நின்றபடி எழுத வேண்டும். சுவர் இல்லையென்றால் என் முதுகு! ஏன் இந்தக் கூத்து என்று கேட்டேன்.

"உக்காந்து எழுதுனா கையெழுத்தைப் பத்தி யோசிப்பாங்க. நின்னு எழுதுனா சொல்ல வந்ததை யோசிப்பாங்க" என்றார்.

தேநீர்க்கடை விலைப்பலகைக்கு, ரொட்டிக்கடைப் பைக்கு, பிறந்தநாள் அழைப்புக்கு அந்த எழுத்தை அள்ளிக் கொடுத்தார். மருந்துப் பெட்டிக்குக் கேட்டார்கள், மறுத்தார். மின்பெட்டியில் 'அபாயம்' என்று இதில் எழுதினால் எவனாவது பாசமாகத் தொட்டுப் பார்ப்பான் என்று சிரித்தார். இரங்கல் அறிவிப்புக்குக் கேட்டவரிடம் மட்டும் சிரிக்கவில்லை. அழுகிற வீட்டில் போய் இது வாயாடும், வேண்டாம் என்றுவிட்டார்.

அப்படியென்றால் இந்த மேடைப் பதாகையை எதில் எழுதுவது? அவர் எழுத்திலேயே வேண்டும் என்றார்கள் அண்ணி. அண்ணன் சொல்லை மீறமாட்டேன் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். நேற்று முழுக்க இழுபறி. கடைசியில் அண்ணி மெதுவாகச் சொன்னார்கள்.

"எழுத்தெல்லாம் ஊர்க்காரங்க கை, தம்பி. மேல வைக்கிற புள்ளி மட்டும்தான் அவர் வச்சது. என்கிட்ட மட்டும் சொன்னார். அது இல்லாம அவர் பேரை எப்படி எழுதுவீங்க?"

ஓடிப்போய்க் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு புள்ளியும் லேசாக வலப்பக்கம் சாய்ந்து அடுத்த எழுத்தை எட்டிப் பார்க்கிறது! எத்தனை கடைகள், எத்தனை தெருக்கள்! அத்தனையிலும் எட்டிப் பார்த்தது அவரா?

எனக்குப் பின்னால் பாருங்கள். 'கிறுக்கல் அண்ணன்' என்ற எழுத்துகள் வேறோர் எழுத்துருவில் நிமிர்ந்து, விறைப்பாக நிற்கின்றன, அவர் விரும்பியபடியே. நான்கு புள்ளிகள் மட்டும் சாய்ந்திருக்கின்றன, அண்ணி விரும்பியபடியே.

தோழர்களே! 'போறபோக்கு' எழுத்துருவின் தடித்த வடிவத்தை அவர் பாதியில் விட்டுப் போயிருக்கிறார். நாங்கள் முடிப்போம்! வாசல் சுவரில் தாள் ஒட்டியிருக்கிறது. போகும்போது நின்றபடியே ஓர் எழுத்து எழுதிவிட்டுப் போங்கள். எல்லாவற்றையும் தடிமனாக்குவோம், தேவையானால் திருத்துவோம். அந்தப் புள்ளியை மட்டும் தொடமாட்டோம்.