பன்னிரண்டாவது அட்டை

செஞ்சி பஸ் ஸ்டாண்டு கடைகளில் ஒரு பத்திரிகையின் அட்டையை முழுதாக யாரும் பார்த்ததில்லை மேடம். கயிறு கட்டி, ஒன்றின்மேல் ஒன்று ஏறியபடி கிளிப் மாட்டித் தொங்கவிடுவார்கள். வெளியே தெரிவது இடப்பக்கம் நாலு விரல் அகலம்தான். அதற்குள் ஒரு கண்ணாவது வந்துவிட வேண்டும். கண் தெரிந்தால் பிள்ளைகள் நிற்பார்கள். இது புரியாத பெரிய ஊர்ப் பத்திரிகைகள் இடப்பக்கம் வானத்தை வைத்துவிட்டு, பிறகு விற்கவில்லையே என்று அழும்.

முதலிலிருந்து எழுதச் சொன்னீர்கள், அதனால் இங்கிருந்து தொடங்குகிறேன். என் பெயர் இளவரசன். திருவண்ணாமலை ரோட்டில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அரங்கநாதன் சார் நடத்தும் 'துள்ளல்' மாத இதழுக்கு ஆறு வருடமாக அட்டை செய்கிறேன். பள்ளிப் பிள்ளைகளுக்கான இதழ். இந்தக் காலத்தில் யார் படிக்கிறார்கள் என்று கேட்பார்கள். உள்ளே இருப்பதை யாரும் படிப்பதில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அட்டையைப் போனில் படம் பிடித்து ஸ்டேட்டஸ் வைப்பார்கள். எனக்கு அது போதும்.

போன வருடம் ஒரு யோசனை சொன்னேன். ஜூன் தொடங்கிப் பன்னிரண்டு மாதமும் அட்டையில் ஒரே பெண். நடிகை வேண்டாம், நம்மோடு பஸ்ஸில் வருகிற முகமாக இருக்கட்டும். எழிலைக் கண்டுபிடித்ததும் நான்தான். தளவானூர்ப் பக்கம் காலனியிலிருந்து செஞ்சிக்கு வந்து பிளஸ் ஒன் படித்தாள். அப்பா கன்னியப்பன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அம்மா மங்கை அங்கன்வாடியில் உதவியாளர். பெண் நல்ல கறுப்பு, ஆனால் அப்படியொரு கண்ணை நான் பார்த்ததில்லை. அந்தத் தெருப் பெண்ணை இந்த ஊரில் இதுவரை யார் அட்டையில் போட்டார்கள்? நான் போட்டேன். இதையும் தயவுசெய்து பதிவு செய்துகொள்ளுங்கள்.

முதல் அட்டையில் அவள் நிறத்தில் நான் கை வைக்கவில்லை. இரண்டாவதில் ஒரு படி வெளுப்பாக்கினேன், மூன்றாவதில் இன்னொரு படி. ஒரேயடியாக மாற்றினால் பிள்ளைகளுக்குக் கோபம் வரும், ஏமாற்று வேலை என்று கமெண்ட் போடுவார்கள். மாதம் ஒரு படி என்றால் யாருக்கும் தெரியாது. அவள் மாறிக்கொண்டே போகிறாள், நாம் மட்டும் அப்படியே கிடக்கிறோம் என்று தோன்றும். அப்படித் தோன்றிய பிள்ளை கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த இதழையும் வாங்கும்.

ஜூன் இதழைக் கன்னியப்பன் "எம் பொண்ணு" என்று சொல்லி ஆட்டோ கண்ணாடியில் ஒட்டிக்கொண்டார். செப்டம்பர் இதழைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"எம் பொண்ணு மாதிரியே இருக்குது தம்பி" என்றார்.

எனக்குப் பெருமையாக இருந்தது. என் வேலையை அவ்வளவு சரியாக வேறு யாரும் பாராட்டியதில்லை.

எழில் முகத்துக்கு என்ன போடுகிறாள் என்று கேட்டு மெசேஜ்கள் குவிந்தன. அரங்கநாதன் சார் எங்கிருந்தோ ஒரு கிரீமை மொத்தமாக வரவழைத்து, டப்பாவில் அடைத்து, பின்னட்டையில் விளம்பரம் கொடுத்தார். டப்பா லேபிளும் என் கைவேலைதான். உள்ளே என்ன இருக்கிறது என்று போட வேண்டுமே என்றேன். மூலிகை என்று போடச் சொன்னார். வீட்டில் கிடந்த சோப்பு உறையைப் பார்த்து நாலைந்து செடிகளின் பெயரை அடித்தேன்.

அக்டோபரில் எழில் கடைக்கு வந்தாள். அட்டையைத் தன் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கிளாஸ்ல சிரிக்கிறாங்கண்ணா. அட்டையில ஒருத்தி, நேர்ல ஒருத்தின்றாங்க. நான் இன்னா பண்றது?"

இரண்டு டப்பா எடுத்துக் கொடுத்தேன். அதில் என்ன இருந்தது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. இதில் பொய் இல்லை.

டிசம்பர் முதல் வாரம் தெரிந்தது. பத்திரிகையின் வாட்ஸ்அப் எண் என் போனில்தான் இருக்கிறது. வல்லத்திலிருந்து ராஜாம்பாள் என்ற அம்மா எழுதியிருந்தார். பதினாலு வயது மகள் ஷோபனாவுக்கு முகமும் காலும் வீங்கி, சிறுநீர் நுரைத்துப் போயிருக்கிறது. டாக்டர் கிரீமைச் சோதனைக்கு அனுப்பியதில் பாதரசம் இருந்திருக்கிறது, அது கிட்னியைப் பிடித்திருக்கிறது. கிரீமை நிறுத்தி மருந்து கொடுத்ததும் பிள்ளை தேறிவருகிறாள். மற்றப் பிள்ளைகளை எச்சரித்து நாலு வரி போடுங்கள் என்று கேட்டு, ரிப்போர்ட்டையும் அனுப்பியிருந்தார். இரண்டு முறை படித்தேன். "வருந்துகிறோம் அம்மா" என்று பதில் போட்டுவிட்டு அந்த எண்ணை பிளாக் செய்தேன். சாரிடம் சொல்லவில்லை. அவர் பயந்த சுபாவம், எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார். ஏழு அட்டை வந்திருந்தது, இன்னும் ஐந்து பாக்கி. ஏழோடு நின்ற வரிசையை யார் நினைவில் வைத்துக்கொள்வார்கள்?

என் வேலை முறையை இங்கே சொல்ல வேண்டும். நிறம் சரியாக ஒரு படிதான் ஏறுகிறதா என்று பார்க்க, புதிய படத்தைப் போன மாதப் படத்தின்மேல் வைத்துக் கண்ணுக்குக் கண் பொருத்துவேன். ஜனவரியில் பொருந்தவில்லை. கீழ் இமை இரண்டும் உப்பி, கன்னத்தின் ஓரம் வெளியே தள்ளியிருந்தது. அவள் வீட்டுக் கண்ணாடிக்குத் தெரிவதற்கு முன்பே என் திரையில் தெரிந்துவிட்டது. வல்லத்து அம்மா எழுதிய அதே இடங்கள். கன்னத்தை உள்ளே தள்ளி, இமையைத் தட்டையாக்கினேன். சுத்தமான வேலை.

பிப்ரவரியில் அவளே கேட்டாள்.

"காலையில கண்ணே தொறக்க மாட்டேங்குதுண்ணா. செருப்பு கூட டைட்டா இருக்குது. இன்னாவா இருக்கும்?"

"பரீட்சை டென்ஷன்தான். தூங்கினா சரியாயிடும்."

"அட்டையில தெரியுமா?"

"தெரியாது. நான் பாத்துக்கறேன்."

நிம்மதியாகச் சிரித்தாள். டப்பா தீர்ந்துவிட்டது என்றாள். இன்னொன்று கொடுத்தேன். உண்மையில் அதற்குள் அவள் நிறம் அட்டையை நெருங்கி வந்திருந்தது. முன்பு நாலு மணி நேரம் பிடித்த வேலை இரண்டு மணி நேரத்தில் முடிந்தது. வீக்கத்தைக் குறைக்கத்தான் அந்த நேரமும்.

பன்னிரண்டாவது அட்டையை ஏப்ரல் தொடக்கத்தில் கோட்டையில், கல்யாண மகால் முன்னால் எடுத்தோம். நாலு படி ஏறியதும் உட்கார்ந்துவிட்டாள். கணுக்காலை அமுக்கிக் காட்டினாள், விரல் பட்ட இடத்தில் குழி விழுந்து அப்படியே நின்றது. எனக்குப் பயமாக இருந்தது, உங்களிடம் மறைக்கவில்லை. வெயில் ஏறுவதற்குள் எடுத்துவிடலாம் என்று சொல்லி, உட்கார்ந்தபடியே எடுத்தேன். பத்தாம் நாள் இறந்துபோனாள். கிட்னி கெட்டு, ரத்தம் கட்டி நுரையீரலில் அடைத்துவிட்டதாக டாக்டர் சொன்னார். ஜனவரியில் கூட்டிவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்றும் சொன்னார்.

ஜனவரியில் தெரியுமா என்று நீங்கள் மூன்று முறை கேட்டீர்கள். தெரியும். என்ன நோய், எதனால் வந்தது, எதை நிறுத்தினால் போகும் எல்லாமே தெரியும். தெரிந்துதான் பிப்ரவரியில் டப்பா கொடுத்தேன். நீங்கள் ஸ்டேஷனுக்கு எடுத்துப்போன கம்ப்யூட்டரில் அசல் படங்கள் தேதியோடு இருக்கின்றன. ஒன்றையும் நான் அழிக்கவில்லை. அவளுக்கு நான் கெடுதல் நினைத்ததே இல்லை மேடம். அந்தப் பெண்ணை அவ்வளவு உற்றுப் பார்த்தவன் உலகத்தில் நான் ஒருத்தன்தான்.

அவள் போன அன்று மதியம் கன்னியப்பன் என் கடைக்குத்தான் வந்தார். அப்போது அவருக்கு ஒன்றும் தெரியாது. கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் கேட்டார். அட்டைப் படம் வேண்டாம் என்று சொல்லி, அவளுடைய பத்தாம் வகுப்பு ஐடி கார்டைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார்.

"இதுல இருக்குற மாதிரியே போடு தம்பி. ஒண்ணும் பண்ணாத."

சரி என்றேன். சாயங்காலம் தெருமுனையில் கட்டினார்கள். மங்கையம்மாவை இரண்டு பேர் தாங்கிப் பிடித்துக் கூட்டிவந்தார்கள். அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

"இது யாரு?" என்று கேட்டார்.

துக்கத்தில் இருப்பவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். அந்தப் படத்தில் நான் எதுவும் செய்யவில்லை மேடம். கொஞ்சம் வெளிச்சம் மட்டும் கூட்டினேன், அவளுக்குப் பிடிக்குமே என்று.