ஒரு தெருவுக்கு ஒரு தாத்தா

…அதத்தாங்க நானும் கேக்குறேன். கிறிஸ்துமஸ் தாத்தா வேஷத்துல நிக்கிற மனுஷன, புள்ளைங்க பாக்கப் பாக்க வெலங்கு மாட்டி இழுத்துட்டுப் போவாங்களா? அந்தத் தொப்பியையாவது கழட்ட விட்டிருக்கலாமில்ல இந்த ஷெரிஃப்பு? ஊரச் சுத்திப் பாக்க பஸ்ல வந்த புள்ளைங்க பூரா ஓன்னு அழுவுதுங்க. ஒண்ணு என் பாவாடையப் புடிச்சுக்கிட்டு, "தாத்தா என்ன தப்பு பண்ணாரு, அப்ப எனக்குப் பொம்ம கெடையாதா"ங்குது. நான் என்னத்தச் சொல்ல? அந்தத் தாத்தா என் வீட்டுக்காரருன்னு சொல்லவா?

இருங்க, இருங்க, கட்டித்தான் தர்றேன். கண்ணாடி உருண்டைங்க, ஒவ்வொண்ணா காகிதம் சுத்தணும். அவசரப்பட்டா ஊரு போய்ச் சேர்றதுக்குள்ள தூளாயிரும். இன்னிக்கே கெளம்புறீங்களாக்கும்? ஜூலை மாசத்துல மரத்துக்கு மாட்டுற உருண்ட வாங்குறவங்க எங்க ஜிங்கிள் க்ரீக்குக்கு வர்றவங்க மட்டுந்தான். எங்களுக்கு வருஷம் பூரா டிசம்பர் இருவத்தஞ்சு. கொசு கடிக்கையிலயும் அதே மணிச்சத்தம், அதே பாட்டு. பழகிருச்சு.

வெண்டல் பாவம். இங்க வேஷம் கட்டுற எங்க தாத்தாமாருக்கெல்லாம் பெரிய தாத்தா அவருதான். சதுக்கத்துல, அந்தச் செவப்பு நாக்காலில ஒக்காந்த மேனிக்கே போயிட்டாரு. குடிச்ச கோகோவுல எவனோ எதையோ கலந்துட்டான். அதுக்கப்பறமும் மூணு புள்ளைங்க மடியில ஏறி, சைக்கிள் வேணும், நாய்க்குட்டி வேணும்னு கேட்டுட்டு எறங்கிப் போயிருக்குதுங்க. இந்தத் தாத்தா ரொம்பப் பொறுமைன்னு ஒண்ணு சொல்லுச்சாம். சிரிக்கக் கூடாது, தெரியுது… எழவு வீட்லயும் எனக்குச் சிரிப்பு வந்துரும், அப்படி ஒரு ஜென்மம் நான்.

எதுல விட்டேன்? ஆங், ஆர்விட்டு. எங்க வீட்டுக்காரரு. சும்மா கெடந்த மனுஷன உள்ள தள்ளுனது யாருங்கிறீங்க? இதோ, இந்த வாயி. ஷெரிஃப்பு என்னமோ ரெண்டு கேள்விதான் கேட்டாரு. அன்னிக்குக் காலையில உன் புருஷன் வெண்டலப் பத்தி ஏதாவது பேசுனாரான்னாரு. இல்லைன்னு ஒரு வார்த்தையில முடிக்க வேண்டியதுதானே? எனக்கு எங்க முடியுது. "இவன் தன் மொற முடிஞ்சும் நாக்காலிய விட்டு எந்திரிக்க மாட்டேங்குறான், ஒரு நாள் நானே இவன முடிச்சுருவேன்"னு அவரு ரொட்டிக்கு வெண்ணெ தடவிக்கிட்டே சொன்னத, அவரு மாதிரியே கொரல மாத்தி, நடிச்சுக் காமிச்சேங்க. நடிச்சு. ஷெரிஃப்பு எழுதிக்கிட்டாரு.

வெண்டலுக்குக் கோகோ போன நேரத்துல ஆர்விட் இந்தக் கடைக்குப் பின்னாடி ரூம்புலதான் வேஷத்தோட ஒக்காந்திருந்தாரு, தன் மொற வரட்டும்னு. ஆனா பாத்த சாட்சி யாரு? நான் ஓப்பலோட ரொட்டிக் கடையில கத பேசிக்கிட்டு நின்னேன். அதையும் நானே சொல்லித் தொலச்சேன். ஓப்பல் என்னடான்னா, சன்னல் வழியாப் பாத்தேன், ஒரு தாத்தா கையில கப்போட சதுக்கத்தக் குறுக்கால கடந்து வெண்டல்கிட்டப் போனாருன்னு சொல்லிட்டா. அவ்ளோதான், முடிஞ்சது கத.

ஒரு நிமிஷம், பின்னாடி போயி அட்டப்பெட்டி எடுத்தாறேன். போயிராதீங்க, உங்க உருண்டைங்க எங்கிட்ட இருக்கு.

…ம், வந்துட்டேன். பெட்டிய எங்கயோ வெச்சு எங்கயோ தேடி… என்ன சொல்லிட்டிருந்தேன்? கப்பு.

ரெண்டு நாளா தூக்கமில்லாம இதத்தான் யோசிக்கிறேன். எங்க ஊர்ல ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒரு தெருவுக்கு ஒரு தாத்தாதான். ரெண்டு பேர ஒண்ணாப் பாத்துட்டா புள்ளைங்க மனசு ஒடஞ்சு போயிருமில்ல? எதுத்தாப்ல இன்னொரு தாத்தா வர்றது தெரிஞ்சா பக்கத்துக் கடைக்குள்ள பூந்துறணும். ஒரு தடவ ரெண்டு பேரு ஒரே நேரத்துல இந்தக் கடைக்குள்ள பூந்து, நான் ஒருத்தர அலமாரியில தள்ளி மூடுனேன். வெண்டல் நாக்காலில இருக்கையில வேற எந்தத் தாத்தாவும் சதுக்கத்துல கால் வெக்க மாட்டாரு. தல போற காரியமா இருந்தாலும் மாட்டாரு. கொல பண்ணப் போறவனே எங்க ஊர்க்காரனா இருந்தா, வேஷத்தக் கழட்டி ஆணியில மாட்டிட்டுத்தாங்க போவான்.

அப்ப வேஷத்தோட போனவன் யாரு? தாத்தாமாரு ஊருதானே, கூட்டத்தோட கூட்டமா எவன் கண்டுக்கப் போறான்னு நெனச்ச வெளியூர்க்காரன். இத ஷெரிஃப்புகிட்டச் சொன்னா, "அதெல்லாம் சட்டத்துல இல்ல, லொரெட்டா"ங்குறாரு. அவரு பக்கத்து ஊரு. அவருக்கு என்ன தெரியும்?

இந்தாங்க, இது கடைசி உருண்ட. நீங்க வெண்டலோட மான் மேயுற நெலத்த வெலைக்குக் கேட்டு வந்தவருதானே? ஓப்பல் சொன்னா. உசுரே போனாலும் தர மாட்டேன்னு வெண்டல் சொல்லிட்டாராம். அப்படியெல்லாம் வாய் விடக்கூடாது மனுஷன்.

கன்னத்துல என்னங்க அது? கொசுக்கடி இல்லையே. காதுலேருந்து தாட வரைக்கும் செவந்து தடிச்சு, கோடு போட்டாப்ல இருக்கு. எங்க தாத்தாமாரு எல்லாருக்கும் சொந்தத் தாடி. வருஷம் பூரா வளக்குறாங்க. இந்த வெயில்ல கோந்து போட்டு ஒட்டுற கூத்து இங்க யாருக்கும் கெடையாது. ஒட்டுனா இப்படித்தான் பொரியும்… சும்மா சொல்றேன், எதுக்கு வேர்க்குது உங்களுக்கு? தண்ணி குடிக்கிறீங்களா?

அட, எங்க ஓடுறீங்க? உருண்டைங்கள மறந்துட்டீங்களே. பாத்து, படி வழுக்கும்…

ஏன் நின்னுட்டீங்க? ஓ, அவங்களா. எல்லாம் எங்க தாத்தாமாருதான். பெட்டி எடுக்கப் போனப்ப ரெண்டு பேருக்கு போன் பண்ணேன், ஊரே வந்துருச்சு. ஷெரிஃப்பு வந்து சேர அர மணி நேரமாவும், அதுவரைக்கும் உங்களப் பாத்துக்குவாங்க. இத்தன தாத்தா ஒரே தெருவுல நின்னு நானே பாத்ததில்ல. வெண்டல் இருந்திருந்தா ஏசியிருப்பாரு. அவருக்காகத்தானே, பரவால்ல.

மெதுவாப் புடிங்கப்பா, தோள ஒடிச்சுறாதீங்க. யாராச்சும் ஷெரிஃப்புகிட்டச் சொல்லுங்க, வர்றப்பவே ஆர்விட்டக் கூட்டிட்டு வரட்டும். ரெண்டு நாளா வெறும் செவுத்தோட பேசிக்கிட்டுக் கெடக்கேன். அவரு மட்டும் நான் சொல்றத எங்க கேட்டாரு, காதுல பஞ்சு வெச்சுக்கிட்டுப் பேப்பர் படிப்பாரு. படிக்கட்டும். எதுக்க ஒக்காந்து படிச்சாப் போதும்.