எங்கூட்டு ஜனாதிபதி

— இன்னொருக்காச் சொல்லு சாமி, நான் யாருன்னு சொன்ன?

— ஜனாதிபதிங்கப்பா. நாளைக்கு பிளஸ் டூவுல அரசியல் பரிட்சைங்கல்ல? நம்மூட்டையே டெல்லின்னு நெனச்சுக்கிட்டுப் படிச்சா மறக்காதுங்க.

— ஏ நல்லம்மா, கேட்டுக்கிட்டியா! திருச்செங்கோட்டுல போர் போடற ரிக்கு லாரி டிரைவர் வெள்ளியங்கிரி இனி ஜனாதிபதியாமா! லாரி நெத்தியில எழுதிப் போட்டுரலாமா?

— சௌந்திரம், ஜனாதிபதிய மொதல்ல கிரீஸ் கையக் கழுவச் சொல்லு. கோழி வெந்துக்கிட்டிருக்குது.

— உங்கம்மா யாரு சாமி?

— பிரதம மந்திரிங்க.

— அவளா! அப்ப யாரு பெரிசு?

— நீங்கதானுங்கப்பா. எல்லாம் உங்க பேருல நடக்கும். நடத்தறது அம்மா.

— அது கல்யாணமான நாள்லயிருந்து அப்பிடித்தானே நடக்குது! அதுக்கெதுக்குப் பொஸ்தகம்? செரி, கேள்வி கேக்கறேன். சட்டம் எப்பிடி ஆகுது?

— மொதல்ல மக்களவைங்க. அது நம்ம சமையக்கட்டு. அடுத்தது மாநிலங்களவை. அது பக்கத்தூட்டுக் குப்பாயி அத்தை. ரெண்டு எடத்துலயும் தேறுனா உங்ககிட்ட வரும். நீங்க கையெழுத்துப் போட்டாத்தான் சட்டம்.

— எனக்குப் புடிக்கலீன்னா?

— யோசிச்சுப் பாருங்கன்னு ஒருக்காத் திருப்பித் தாட்டி உடலாமுங்க.

— பவரப் பாத்தியா! மறுபடியும் கொண்டாந்தா?

— அதப் பொஸ்தகத்தப் பாத்து நீங்களே படிங்கப்பா.

— குடு. "மீண்டும் நிறைவேற்றி அனுப்பினால் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தே ஆக வேண்டும்." ஆகோணும்! தப்பிக்கவே முடியாது! நாலு ஸ்டேட்டுப் பாறையத் தொளச்சவன் சொல்றேன் சாமி, இது கருங்கல்லாட்டச் சட்டம்! இந்தக் கேள்விக்கு மார்க்கு போடாட்டி ரிக்க அந்த வாத்தியார் ஊட்டு வாசல்ல நிறுத்திருவேன்!

— செரிங்கப்பா. அப்ப இந்தாங்க.

— என்ன இது?

— போன வாரம் நீங்க திருப்பித் தாட்டி உட்ட சேலத்துக் காலேஜ் அப்ளிகேசனுங்க. பொட்டப்புள்ள ஹாஸ்டல்ல தங்குனா சாதிசனம் என்ன பேசும்னீங்களே. சமையக்கட்டுல மறுபடியும் தேறிருச்சு. குப்பாயி அத்தையும் காலையிலயே தேத்தி உட்டுட்டாங்க.

— அட கெரகமே! நல்லம்மா, இது உன்ற வேலையா?

— நான் கொழம்பத்தானுங்க கிண்டிக்கிட்டிருக்கேன்.

— இரு, இரு... ஹா! மாட்டுனீங்க! போர் போட்டுத் தாரேன்னு ஒத்துக்கிட்டுத் தேதி சொல்லாம எத்தன காட்டுக்காரர இழுத்தடிச்சிருக்கேன், என்கிட்டயேவா! கையெழுத்துப் போடோணும்னுதான இருக்குது? எப்பப் போடோணும்னு இருக்குதா? தேடு! அட்டையிலயிருந்து அட்டை வரைக்கும் தேடு!

— அய்யோ... அம்மா, நெசமாலுமே நாள் போடல! அப்ளிகேசன் வெள்ளிக்கெழமைக்குள்ள போய்ச் சேரோணும்மா!

— அடுத்த வருசம் பாக்கலாம் சாமி. ஜனாதிபதிக்கு என்ன அவசரம்? நல்லம்மா, எலையப் போடு, பசியில உசுரு போகுது!

— ஏனுங்க, ஜனாதிபதிக்குச் சோறு போட்டே ஆகோணும்னு நானும் ஒத்துக்கறேனுங்க. எப்பப் போடோணும்னு எந்தப் பொஸ்தகத்துலயுங்க இருக்குது?

— ...சாமி, பேனா எங்க? ஓடு, ஓடு, கோழி ஆறுது!